சிங்காராவா, வெளிமானா? பெண்ணோட தலையைப் பாருங்க

இந்த வாரம் வந்த கேள்வியிலயே இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. "ராஜஸ்தான் தால் சாப்பர்ல எடுத்த படம் அனுப்பியிருக்கேன். பழுப்பு உடம்பு, சின்ன நேர்க்கொம்பு. சிங்காராவா, சின்ன வெளிமானா? இன்னொண்ணு, தொண்டை வீங்குற பாரசீகச் சிறுமானும் மங்கோலியச் சிறுமானும் ஒரே வகைதானே?"

முதல்ல படம். சிங்காரான்னா இந்தியச் சிறுமான், அதாவது இங்கிலீஷ்ல 'கெஸல்'னு சொல்ற மான்வகை. தால் சாப்பர்ல ரெண்டுமே மேயுது, அதான் குழப்பம். வெளிமான் கிடாவுக்கு முறுக்குக்கொம்புதானே, 'திரிமருப்பு இரலை'ன்னு பழம்பாட்டே சொல்லுதேன்னு நினைப்போம். ஆனா முதல் வருஷத்துக் கிடாவுக்கு முறுக்கு விழுந்திருக்காது, வெறும் குச்சி மாதிரி நேரா நிக்கும். அதனால கொம்பை விட்டுட்டு முகத்தைப் பாருங்க. சிங்காராவுக்குக் கண்ணுக்கு மேல இருந்து மூக்கு வரைக்கும் ஒரு வெள்ளைக்கோடு, அதுக்குக் கீழ ஒரு கருங்கோடு. வெளிமானுக்குக் கோடு கிடையாது, கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம்தான். சிங்காரா வால் கருப்பு, சும்மா இருக்காது, ஆட்டிக்கிட்டே இருக்கும். நீங்க அனுப்பினதுல கண்வளையம் இருக்கு, கோடு இல்ல. வெளிமான்தான்.

இப்ப நான் எப்பவும் சொல்றது, பழைய ஆளுங்க சிரிப்பீங்க: ஆணை விடுங்க, பெண்ணோட தலையைப் பாருங்க. சிங்காராப் பெண்ணுக்குக் கொம்பு உண்டு. மெலிசு, வளையம் சரியாத் தெரியாது, ஆண் கொம்புல பாதி நீளம்தான். ஆணுக்கு 25-30 சென்டிமீட்டர், அடி தடிமனா, வளையம் வளையமா இருக்கும். வெளிமான் பெண்ணுக்குப் பொதுவா கொம்பே கிடையாது. கிண்டியிலயோ கோடியக்கரையிலயோ பார்த்தவங்களுக்கு இது தெரியும்.

இப்ப ரெண்டாவது கேள்வி. பாரசீகச் சிறுமான் ஆணுக்கு இணைசேர்ற காலத்துல குரல்வளை புடைச்சு, கழுத்துல கட்டி மாதிரி தெரியும். மங்கோலியச் சிறுமான் ஆணுக்கும் அப்படித்தான். 1777-ல இயற்கையியலாளர் பல்லாஸ் மங்கோலிய மிருகத்துக்கு 'தொண்டை பெருத்தது'ங்கிற பொருள்ல 'குட்டுரோசா'ன்னு பேர் வச்சார். மூணு வருஷம் கழிச்சு மத்ததுக்கு 'சப்குட்டுரோசா'ன்னு பேர் வந்துச்சு. பேரைப் பார்த்தா அண்ணன் தம்பி. உண்மையில பேரினமே வேற: பாரசீகம் நம்ம சிங்காரா இருக்கிற 'கெஸல்லா', மங்கோலியம் 'புரோகாப்ரா'.

புரோகாப்ரால மொத்தம் மூணுதான். மங்கோலியம், திபெத்தியம், சீனாவோட சிங்ஹாய் ஏரியைச் சுத்தி மட்டும் மிஞ்சியிருக்கிற பிரஷெவால்ஸ்கி. மூணுலயும் பெண்ணுக்குக் கொம்பு இல்ல, முகத்துல கோடு இல்ல, பின்பக்கம் பெரிய வெள்ளைத் திட்டு. திபெத்தியச் சிறுமான் மிரண்டா அந்த வெள்ளை மயிர் விரிஞ்சு நிக்கும், தூரத்துல இருந்தே தெரியும். லடாக்ல ஹான்லே பக்கமும் வடக்கு சிக்கிம்லயும் இருக்கு. பிரஷெவால்ஸ்கி ஆணை நேருக்கு நேர் பார்த்தா ரெண்டு கொம்பு நுனியும் ஒண்ணையொண்ணு பார்த்து வளைஞ்சிருக்கும்.

இதைத்தான் நீங்க கேட்டிருக்கணும்னு எனக்கு ஆசை: சிங்காராவுக்கு நெருங்கின சொந்தம் திபெத்தியச் சிறுமானா, நம்ம வெளிமானா? மரபணு சொல்றது வெளிமானை. 'சிறுமான்'ங்கிற பேரை வச்சுக்கிட்டு புரோகாப்ரா தனியாப் போயிடுது, அந்தப் பேர் இல்லாத வெளிமான் கெஸல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு!

அப்ப பெண்ணோட தலையை மட்டும் பார்த்தாப் போதுமான்னா, போதாது. பாரசீகப் பெண்ணுக்கும் பெரும்பாலும் கொம்பு இல்ல, ஆனா அது கெஸல்லாதான். அதோட துணையினம்னு ரொம்ப காலம் எண்ணின அரேபிய மணல் சிறுமான் பெண்ணுக்குக் கொம்பு இருக்கு. அந்த வித்தியாசம் சும்மா இல்லன்னு 2011-ல தெரிஞ்சுது. மரபணுவைப் பார்த்தா அது வட ஆப்பிரிக்காவோட மெல்லிய கொம்புச் சிறுமான் பக்கம் போய் நிக்குது. தனி இனமாப் பிரிச்சாங்க. அதனால தலை, முகக்கோடு, பின்பக்கம் மூணையும் சேர்த்துப் பாருங்க. முகக்கோட்டுலயும் ஒரு வில்லங்கம்: பாரசீகச் சிறுமானுக்கு வயசாக ஆக முகம் வெளுத்து, கோடு மங்கிடும். கிழட்டுக் கிடாவைப் பார்த்துட்டு 'கோடு இல்லையே, புரோகாப்ராதான்'னு முடிவு கட்டிடாதீங்க. வாலைப் பாருங்க, கருப்பா இருக்கும்.

அடுத்த தடவை படம் அனுப்புறப்ப, பின்பக்கம் தெரியிற மாதிரி ஒண்ணும் சேர்த்து அனுப்புங்க. எல்லாரும் முகத்தை மட்டும்தான் எடுக்குறீங்க.