கிழித்துப் போட்ட கடன் பத்திரம்

வணக்கம் நேயர்களே. பாவம், மீட்பு, புதுவாழ்வு பற்றிக் கிறிஸ்தவர்கள் என்ன நம்புகிறோம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். கேட்கிறவர்களில் பலர் வேறு சமயத்தவர் என்பது தெரியும், அதனால் பிரசங்கம் இல்லாமல் நமக்குப் பழகிய பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

செட்டிநாட்டில் கடனைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்தி, பேரேடு எழுதி, ஐந்தொகை எடுத்துப் பார்த்தவர்களின் ஊர் இது. புரோநோட்டில் போட்ட கையெழுத்து என்ன செய்யும் என்று கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். இயேசுவும் பாவத்தைப் பற்றிச் சொல்லக் கடனைத்தான் எடுத்துக்கொண்டார். மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஒரு கதை வருகிறது. ஒரு பணியாளன் அரசனுக்கு 10,000 தாலந்து பாக்கி வைத்திருக்கிறான். அன்றைக்கு ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம், கணக்குப் போட்டால் 6 கோடி நாள் கூலி வருகிறது! அவன் காலில் விழுந்து, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன் என்கிறான். எங்கே போய்க் கொடுப்பான்? அவன் கேட்டது தவணை. அரசன் முழுக்கடனையும் தள்ளுபடி செய்துவிடுகிறான்.

எங்களில் பலரும் இன்னும் அந்தத் தவணையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வேளாங்கண்ணிக்கு நடந்து போனேன், ஒன்பது நாள் செபமான நவநாள் முடித்தேன், ஏழைகளுக்குச் சோறு போட்டேன், இதற்கெல்லாம் கொஞ்சமாவது கழிந்திருக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அவையெல்லாம் நல்ல காரியங்கள், விடாமல் செய்ய வேண்டியவை, ஆனால் பாவத்துக்கு அவை விலை ஆகாது. பாவம் என்பது தனித்தனித் தப்புகளின் பட்டியலாக மட்டும் இருந்தால் நாமே ஒவ்வொன்றாக அடித்துவிடலாம். இயேசுவின் திருத்தூதர் பவுல் உரோமையருக்குக் கடிதம் எழுதும்போது, செய்ய விரும்பும் நல்லதைச் செய்யாமல், விரும்பாத கெட்டதையே செய்துகொண்டிருக்கிறேன் என்று புலம்புகிறாரே, அதைக் கேளுங்கள். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு அன்று சாயங்காலமே கடைக்குப் போகிறவருக்கு இந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டாம்.

அதே பவுல் கொலோசையருக்கு எழுதும்போது, நமக்கு எதிராக நின்ற கடன் பத்திரத்தைக் கடவுள் அழித்துச் சிலுவையில் ஆணியடித்துவிட்டார் என்கிறார். கடனைத் தள்ளுபடி செய்தால் நட்டம் எங்கேயும் மறைந்து போவதில்லை, கொடுத்தவர் தலையில் வந்து விழும். பேரேடு எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிலுவையில் கடவுள் அந்த நட்டத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்பதுதான் எங்கள் விசுவாசம். மீட்பு நமக்கு இலவசம், அவருக்கு அது மகனின் உயிர்.

சரி, அப்புறம் என்ன? அந்தப் பணியாளன் வெளியே வந்ததும், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டியவனைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான். 6 கோடி நாள் கூலியை விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொண்ட அதே கை! அவன் கடன் போயிற்று, மனசு மாறவே இல்லை. புதுவாழ்வு அவன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓரியூர் இருக்கிறது. மறவர் சீமையில் தடியத்தேவர் என்ற தலைவர் நோயிலிருந்து குணமாகி, 1693 ஜனவரியில், ஜான் டி பிரிட்டோ என்ற போர்த்துகீசியக் குருவான அருளானந்தரிடம் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம் பெற்றார். பல மனைவியர் இருந்தவர், ஒருவருடன் மட்டும் வாழ முடிவெடுத்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுக்காரப் பெண், முறையீடு அரண்மனை வரை போனது, பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். 1947இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள், இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் அந்தச் செம்மண்ணை எடுத்து வருகிறார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் வலியை நாம் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறோம், அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவருடைய மனமாற்றம் பக்கத்தில் இருப்பவர்களையும் தொடும், அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பதும் மனமாற்றத்தில் சேர்ந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய இரவான பாஸ்கா திருவிழிப்பு இரவில் கையில் மெழுகுவர்த்தியோடு நின்று, சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று குருவானவர் கேட்க, விட்டுவிடுகிறோம் என்று எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்கிறோம். திருமுழுக்கில் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டு அவரோடு எழுந்தோம் என்ற வாசகத்தையும் அதே இரவில்தான் கேட்கிறோம். அப்படிச் சொன்ன நம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களிடையே கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்கொரு பக்கம் பிரித்துவைத்த ஊர்கள் உண்டு. கிறிஸ்துவோடு ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டவர்களை மண்ணில் மட்டும் எப்படித் தனித்தனியாகப் புதைப்பது? இதைவிடப் பெரிய பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, நாம் சேர்ந்து செய்ய வேண்டியது வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வரி வசூலித்த சக்கேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்றே, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். அதனால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக நினைத்திருக்கும் சகோதர சகோதரிகளே, பங்காளியோடு பேச்சு நின்றுபோயிருந்தால், யாருக்காவது கொடுக்க வேண்டிய கூலி எதையாவது நீங்கள் பிடித்து வைத்திருந்தால், முதலில் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, போய் உறவைச் சரிசெய்துகொண்டு வா என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், பூசைக்குக் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. வணக்கம்.