தாலி பிடுங்கிக் கட்டினா கல்யாணம் ஆயிடுமா? மலையில பிரேக் போனா என்ன ஆகும்?

கோத்தகிரியில இருந்து ஒருத்தர் கேட்டிருக்காங்க. "ஒரு கல்யாண ஆக்‌ஷன் படம் பார்த்தேன். மேட்டுப்பாளையம் மண்டபத்துல கட்டாயக் கல்யாணம், காலையில முகூர்த்தம். அதை நிறுத்த ஹீரோ ஊட்டியில இருந்து கார்ல இறங்குறான். வில்லன் ஆளு பிரேக் ஹோஸை வெட்டிடுறான். காரை விட்டுட்டு மலை ரயில் மேல தாவுறான், பெட்டியைக் கழட்டி விட்டுடுறாங்க. கடைசியில மண்டபத்துல வில்லன் கையில இருந்து தாலியைப் பிடுங்கி இவனே கட்டிடுறான். இதுல எது நிஜத்துல நடக்கும்?"

ஒரு அடிக்கு ஏழு பேர் பறக்கிறதை விட்டுடுவோம், அதுக்குத்தானே டிக்கெட் வாங்குறோம். வில்லனோட பத்து ஜீப்பும் இ-பாஸ் எடுத்துச்சான்னும் கேக்க வேண்டாம். 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்குள்ள வர்ற வெளியூர் வண்டிக்கு அது கட்டாயம். பிரேக்குக்கு வருவோம்.

ஹோஸை வெட்டின உடனே நாலு வீல்லயும் பிரேக் போயிடும்னு காட்டுறாங்க. இன்னைக்கு ஓடுற கார்கள்ல பிரேக் லைன் ரெண்டு பிரிவா இருக்கும். பெரும்பாலான சின்னக் கார்கள்ல முன் இடது வீலும் பின் வலது வீலும் ஒண்ணு, மத்த ரெண்டும் இன்னொண்ணு. ஒரு ஹோஸ் போனா பெடல் பாதிக்கு மேல உள்ள போகும், டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரியும், பிரேக்கும் பாதிதான் பிடிக்கும். ஆனா பிடிக்கும். ஹேண்ட் பிரேக் பல வண்டியில தனி கேபிள்ல வேலை செய்யுது, அதையும் வெட்டணும்னா வில்லன் ஆளு இன்னொரு தடவை காருக்கு அடியில படுக்கணும்.

நம்ம மலையில பிரேக் போறதுக்குக் கத்தியே தேவையில்லை. ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். ஆளுங்களோட 1,400 கிலோ இருக்கிற கார் அவ்வளவு உயரம் இறங்குறப்ப வெளியாகுற சக்தி, 80 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதி வர வைக்கப் போதும். கியரைப் போட்டு இறங்கினா இதுல பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கும். நியூட்ரல்ல விட்டா கிட்டத்தட்ட மொத்தமும் பிரேக் பேடுக்கும் டிஸ்க்குக்கும்தான். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதுசா இருந்தா 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். ஈரம் இழுத்த பழைய ஆயில் 140 டிகிரியிலயே கொதிக்கலாம். கொதிச்சா லைனுக்குள்ள ஆவிக் குமிழி நிக்கும். பெடலை மிதிச்சா குமிழிதான் அமுங்கும், பேடுக்கு அழுத்தம் போகாது. குன்னூர் தாண்டி பர்லியார் பக்கம் வர்றப்ப கருகின வாசனை வருதுன்னு சொல்வாங்களே, அதுதான் முதல் எச்சரிக்கை. அப்பவே ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடணும். தண்ணி ஊத்தக் கூடாது, சூட்டுல டிஸ்க் வளைஞ்சிடும்.

நிஜமாவே பெடல் உள்ள போயிட்டா இன்ஜினை ஆஃப் பண்ணிடாதீங்க. ஆஃப் பண்ணினா பூஸ்டர் உதவி போய் பெடல் கல்லு மாதிரி ஆகும், ஸ்டீயரிங்கும் கனக்கும். மூணு, ரெண்டுன்னு ஒவ்வொரு கியரா இறக்குங்க. பெடலை வேகமா நாலைஞ்சு தடவை அடிங்க. ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, ஒரே இழுப்பு இழுத்தா பின் வீல் லாக் ஆகி வண்டி சுத்திடும். அப்பவும் நிக்கலையா, பள்ளத்துப் பக்கம் போகாம மலைச் சரிவு பக்கம் உரசி நிறுத்துங்க. கதவு போனா போகட்டும்.

ரயில் காட்சிதான் எனக்குச் சிரிப்பு. கல்லாறு–குன்னூர் பகுதியில ஏறினாலும் இறங்கினாலும் இன்ஜின் பள்ளத்துப் பக்கமாத்தான் இருக்கும். ஏறுறப்ப பின்னால இருந்து தள்ளும், இறங்குறப்ப முன்னால நின்னு தாங்கும். பெட்டியைக் கழட்டி விட்டா அது எங்க ஓடும்? இன்ஜின் மேலயே சாஞ்சுக்கிட்டு நிக்கும். பெட்டிக்குப் பெட்டி பிரேக் போடுற ஆள் வேற இருக்காங்க. இந்தப் பல் சக்கரப் பாதையில வேகம் மணிக்குப் பதிமூணு கிலோமீட்டர் அளவுதான், தாவ வேண்டாம், கூடவே ஓடி ஏறலாம். அதுவும் போக, மேட்டுப்பாளையத்துக்கு இறங்குற வண்டி ஊட்டியில மதியம் 2 மணிக்குத்தான் கிளம்பும். காலை முகூர்த்தத்துக்கு அதைப் பிடிச்சா, போய்ச் சேரும்போது மண்டபத்துல பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பாங்க.

இப்ப தாலி. யார் முதல்ல கட்டுறாங்களோ அவங்க புருஷன்னு படம் சொல்லுது. சட்டத்துல அப்படி ஒரு பந்தயமே கிடையாது. இந்து திருமணச் சட்டத்துல தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு, அதாவது சுயமரியாதைத் திருமணம், ஐயர் வேண்டாம்னு சொல்லுது. மாலை, மோதிரம், தாலி மூணுல ஒண்ணு போதும்னும் சொல்லுது. ஆனா ரெண்டு பேரும் புரியிற மொழியில "இவரை ஏத்துக்கிறேன்"னு சொல்லணும்னு சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவுக்கு விளக்கம் கொடுத்திருக்கு. அந்தப் படத்துல நாயகி ஒரு வார்த்தை பேசலை. அந்த விளக்கப்படி, வில்லன் கட்டியிருந்தாலும் சரி, ஹீரோ கட்டினதும் சரி, இந்தப் பிரிவுல செல்லாது. கைதட்டு வாங்கினவன் செஞ்சதும் அதேதான், அவளைக் கேக்காமக் கட்டினது.

சடங்கு எல்லாம் முறையா நடந்து, மிரட்டித்தான் உட்கார வச்சாங்கன்னா வழி வேற. தானா ரத்தாகாது. 12ஆம் பிரிவுல குடும்ப நல கோர்ட்டுல மனு போட்டு ரத்து வாங்கணும். மிரட்டல் நின்ன நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். மிரட்டல் நின்ன பிறகு சம்மதிச்சு சேர்ந்து வாழ்ந்துட்டா அந்த உரிமை போயிடும், அதனால "கொஞ்ச நாள் இருந்து பாரு"ன்னு சொந்தக்காரங்க சொல்றதைக் கேட்டு உட்கார்ந்துடக் கூடாது. கட்டாயக் கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்துறது தனிக் குற்றம், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 87ஆம் பிரிவுல பத்து வருஷம் வரைக்கும் சிறை.

ஊட்டியில இருந்து கார் எடுக்கிறதுக்கு முன்னால ஹீரோ 112க்கோ, பெண்கள் உதவி எண் 181க்கோ கூப்பிட்டிருந்தா, போலீஸ் மேட்டுப்பாளையத்துல இருந்தே மண்டபத்துக்குப் போயிருக்கும். இவன் அப்ப ஊட்டிக்குப் பக்கத்துலயே இருக்கிற லவ்டேல் கூடத் தாண்டியிருக்க மாட்டான்.