ஜி காங்கை மறக்கவிடாதது அவருடைய சிந்தனையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். மூன்றாம் நூற்றாண்டுச் சீனாவின் கவிஞர் ஜி காங்கை இன்றும் நினைக்க வைப்பது இசையா, சிந்தனையா? சிந்தனைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அம்மா, லுவோயாங் நகரத்துக் கிழக்குச் சந்தையில் ஜி காங்குக்கு நடந்த மரண தண்டனையைச் சொன்னார்கள். தலை போகப்போகிற நேரத்தில் வெயிலின் நிழலைப் பார்த்துவிட்டு, 'சின்' என்ற ஏழு நரம்பு வாத்தியத்தை வாங்கி 'குவாங்லிங் சான்' வாசித்தார், இந்தப் பாட்டு இன்றோடு முடிந்தது என்றார். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்த வாசிப்பை நம்மில் யார் கேட்டோம்? அவர் இறந்தது 262 வாக்கில். அந்தப் பாட்டுக்கு இன்று கிடைக்கும் இசைக்குறிப்பு 1425-ல் தொகுத்த நூலில் இருக்கிறது. காதால் கேட்காத இசைக்கு நாம் ஏன் கலங்குகிறோம்? அவர் எதற்காக அங்கே நின்றார் என்று தெரிந்ததால்தான்.

ஜி காங்கின் நண்பர் லூ ஆன். அந்த லூ ஆனின் மனைவியைக் கெடுத்தது லூ ஆனுடைய சொந்த அண்ணன். அவனே முந்திக்கொண்டு, தம்பி தாயைப் பேணாதவன் என்று பழி போட்டான். ஜி காங் நண்பருக்காகச் சாட்சி சொன்னார், சிறைக்குப் போனார். பேருக்குத்தான் பேரரசர், அதிகாரம் முழுக்க சிமா ஜாவோ கையில் இருந்தது. ஜி காங்கை விட்டுவைக்கக் கூடாது என்று ஜோங் ஹுய் என்ற அதிகாரி சிமா ஜாவோ காதில் ஓதினார். இந்த ஜோங் ஹுய் ஒருநாள் பரிவாரத்தோடு பார்க்க வந்தபோது, ஜி காங் மரத்தடியில் இரும்பு அடித்துக்கொண்டிருந்தவர், சம்மட்டியை நிறுத்தவே இல்லை! அந்தப் பகைதான். மூவாயிரம் மாணவர்கள் அவரை எங்களுக்கு ஆசிரியராகத் தாருங்கள் என்று கெஞ்சியும் விடவில்லை.

அப்புறம், இசையைப் பற்றியே அவர் எழுதிய கட்டுரையை எதிரணி தொடவே இல்லை. ஒலியில் துக்கமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை என்கிறார். மது கசக்கலாம், இனிக்கலாம். குடித்தவன் சிரிப்பதும் சீறுவதும் அவனுக்குள் இருந்து வருவது, இசையும் அப்படித்தான். ஒரு நாட்டின் பாட்டைக் கேட்டே அதன் ஆட்சியை எடைபோடலாம் என்று அறிஞர்கள் நம்பிய காலத்தில் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சந்தையில் கேட்ட சோகம் நரம்பில் இல்லை, கேட்டவர் நெஞ்சில் இருந்தது என்று அவரே நமக்குச் சாட்சி சொல்கிறார்.

'மூங்கில் வனத்து அறிஞர் எழுவர்' என்ற நண்பர் குழுவில் ஜி காங்கோடு இருந்த ஷான் தாவோ, தன் பதவிக்கு இவர் பெயரைச் சொன்னார். அதற்கு ஜி காங் எழுதிய நட்பு முறிவுக் கடிதத்தைக் காட்டி, திமிர் பிடித்தவர் என்றார் எதிரணித் தலைவர். ஐயா, அதை முழுசாகப் படியுங்கள். காலையில் எழ முடியாது, உடம்பெல்லாம் பேன், சொறிந்துகொண்டே இருக்க வேண்டும், அதிகாரி உடையை மாட்டிக்கொண்டு மேலதிகாரிகளை எப்படிக் கும்பிடுவேன் என்று எழுதியிருக்கிறார். எனக்கு இதில் திமிர் தெரியவில்லை. தன்னை ஒளிக்காமல் சொல்லி, பதவி வேண்டாம் என்கிற மனிதர்தான் தெரிகிறார். நண்பரை அவர் வெறுக்கவும் இல்லை. சாகும் முன் மகன் ஷாவோவிடம், ஷான் தாவோ இருக்கும்வரை நீ அநாதை இல்லை என்றார். பின்னாளில் அந்தப் பிள்ளையை அரசுப் பணிக்குப் பரிந்துரைத்ததும் அதே ஷான் தாவோதான்.