அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு கீரைக்கொல்லை

அன்பானவர்களே, 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஆகாப், இஸ்ரவேலின் ராஜா. தந்தத்தால் அரமனை கட்டியவன் என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. அப்படிப்பட்டவன், அரமனைக்குப் பக்கத்தில் திராட்சத்தோட்டம் வைத்திருந்த நாபோத்திடம் போய்க் கேட்டது என்ன? ஒரு கீரைக்கொல்லைக்கு இடம். ஏன் அந்த இடம்? "என் வீட்டிற்கு அடுத்திருக்கிறபடியால்" என்கிறான். இந்த வார்த்தையில் கொஞ்சம் நில்லுங்கள். பத்தாம் கட்டளையும் "பிறனுடைய வீட்டை இச்சியாதிருப்பாயாக" என்றுதானே தொடங்குகிறது? நம் கண் எங்கே போகும் என்று கர்த்தருக்குத் தெரியும்.

கேட்டது தப்பில்லை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் பணம் தருகிறேன் என்றுதான் கேட்டான். நாபோத் மறுத்தார். நிலம் என்னுடையது, அதை அறுதியாய் விற்கவேண்டாம் என்று லேவியராகமம் 25-இல் கர்த்தர் சொல்லியிருக்கிறார். பிதாக்களின் சுதந்தரமாக வந்த பூர்வீக நிலத்தை விற்க நாபோத்துக்கு மனம் வரவில்லை. அப்புறம் ராஜா என்ன செய்தான்? சாப்பிடாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டான். ஒரு தேசத்தையே ஆளுகிறவன்! பிறகு அவன் மனைவி யேசபேல் எழுதிய நிருபங்கள், இரண்டு பொய்ச்சாட்சிகள், நாபோத்தின்மேல் கல்லெறி. கீரை போட ஒரு மனுஷனுடைய இரத்தம்.

ஆகாபைத் திட்டிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. போன மாதம் ஒரு சகோதரர் வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போயிருந்தேன். போதகர் ஜெபிக்கிறார், எல்லாரும் கண்மூடி நிற்கிறார்கள். நான் கண்ணைத் திறந்து தரையைப் பார்க்கிறேன். பளபளவென்று கிரானைட். சதுர அடி என்ன விலை இருக்கும், இவருக்கு மட்டும் எப்படி முடிந்தது என்று மனம் கணக்குப் போடுகிறது. "ஆமென்" என்று எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்றே தெரியாது.

பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது காவலில் கட்டுண்டிருந்தார். அந்தச் சபை அனுப்பிய எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த உதவிக்கு நன்றி சொல்கிற இடத்தில்தான், "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார்; இருப்பதில் திருப்தியாயிருக்க என்று அர்த்தம். கற்றுக்கொண்டேன்! அப்போஸ்தலனுக்கே அது பிறவியில் வரவில்லை என்றால், எனக்கும் இன்னும் வழி இருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்று வீடு திரும்பினேன்.

ராத்திரி எங்கள் சிமெண்ட் தரையில் முழங்கால் போட்டேன். முதலில் அந்தச் சகோதரர் பெயரைச் சொல்லி, அந்த வீட்டில் சமாதானம் இருக்கட்டும் என்று ஜெபித்தேன். சொல்ல நேரம் பிடித்தது. அப்புறம் தரையைத் தொட்டுப் பார்த்தேன். என் மகள் தவழ்ந்து பழகியது இந்தத் தரையில்தான்.