டிஸ்கம்பாபுலேட்: பகட்டா, பயனா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒருவரை நிலைகுலைய வைப்பதைச் சொல்ல 'டிஸ்கம்பாபுலேட்' என்ற ஆங்கிலச் சொல் வெறும் பகட்டு என்கிறது எதிரணி. பயனுள்ள சொல் என்கிறோம் நாங்கள்.

எதிரணி நண்பர் ஒரு குண்டு போட்டார்: "இதைச் சொல்லி முடிப்பதற்குள் குழம்பியவனே தெளிந்துவிடுவான்!" பலமாகக் கைதட்டினீர்கள். ஐயா, மொத்தமே ஐந்து அசை. மூன்றாவதான 'பாப்' மேல் அழுத்துங்கள், தானே உருண்டு வரும். நண்பர் முதல் அசையில் அழுத்தினார், நாக்கு சுளுக்கிக்கொண்டது. அதற்குச் சொல் என்ன செய்யும்? 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், லத்தீன் மாதிரி ஒலிக்கட்டுமே என்று குறும்புக்காகக் கட்டிய சொல் இது. நீளத்தைக் கழித்தால் சிரிப்பும் போச்சு!

"கன்ஃப்யூஸ் போதாதா?" போதாது. விஷயம் பிடிபடாவிட்டால் கன்ஃப்யூஸ். தைரியம் கழன்றால் அன்னெர்வ். நிதானம் ஆடினால் டிஸ்கன்சர்ட். எல்லாம் கலைந்து, பார்ப்பவருக்குச் சிரிப்பும் வந்தால்தான் டிஸ்கம்பாபுலேட். இரங்கல் கடிதத்தில் போட்டால் கேலியாகிவிடும். அது போட்டவர் குற்றம்.

இப்போது அமெரிக்காவின் மில்வாக்கி விமான நிலையத்துக்கு வாருங்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்து ஒருவர் வெளியே வருகிறார். ஒரு கையில் லேப்டாப், மறு கையில் கோட், பல்லிடுக்கில் போர்டிங் பாஸ். பெல்ட் தட்டில் கிடக்கிறது. பெல்ட் தட்டில் கிடந்தால் பேண்ட் எங்கே போகும்? மறுபடி கேட்கிறேன், பேண்ட் எங்கே போகும்? பிடிக்க மூன்றாவது கை இல்லையே! நிமிர்ந்தால் ஒரு பலகை: 'ரீகம்பாபுலேஷன் ஏரியா'. அதாவது, கலைந்துபோனவர்கள் மறுபடி சீராகிக்கொள்ளும் இடம். கம்பாபுலேட் என்று ஒன்று வழக்கிலேயே கிடையாது; இல்லாததை மறுபடி செய்துகொள்ள ஓர் இடம்! 2008-இல் வைத்தார்கள். அந்த ஆண்டின் படைப்புத்திறன் மிக்க சொல்லாக, ஆங்கிலச் சொல்வழக்குகளை ஆராயும் அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

நடுவர் அவர்களே, அந்த வரிசையில் ஒரு வயதான அம்மாவை நினைத்துப் பாருங்கள். கழற்றிய கோட்டை மறுபடி மாட்ட முடியவில்லை. மூக்குக்கண்ணாடி எந்தத் தட்டில் போனதோ தெரியவில்லை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது, கண் கலங்குகிறது. 'குழம்பியவர்கள் இங்கே உட்காரவும்' என்று எழுதியிருந்தால் அவர் உட்காருவாரா? ரோஷம் விடுமா? இந்தச் சொல்லோ, "எல்லாருக்கும் இப்படித்தாம்மா ஆகுது, உட்காருங்க" என்று சிரிக்க வைக்கிறது. அவரும் சிரித்துவிட்டு உட்காருகிறார்.

பகட்டா, பயனா? என்னைக் கேட்காதீர்கள். அந்த அம்மாவைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்! நன்றி, வணக்கம்.