பித்தளை பளபளக்கிறது சரி, அசல்தானா? ஃபோர்டு மாடல் டி-யைப் பார்ப்பது எப்படி

(திரையில்: பழைய ஃபோர்டு மாடல் டி ஒன்றின் முகப்பு. இரண்டு ஹெட்லைட்டும் முழுப் பித்தளை.)

1914 வண்டி என்று சொல்லி ஒருவர் இதை உங்களிடம் காட்டுகிறார் என்று வையுங்கள். ஹெட்லைட் இரண்டும் அடிமுதல் நுனிவரை பித்தளை. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பாலிஷ். கண்காட்சியில் எல்லோரும் படம் எடுப்பதும் இந்த விளக்குகளைத்தான். ஆனால் 1914ல் ஃபோர்டு இந்த மாதிரி விளக்கை மாட்டவில்லை.

முழுப் பித்தளை விளக்கு 1912 மாடல் வரைதான். 1913 மாடலில் விளக்கின் உடல் கறுப்பு அடித்த இரும்புத் தகடாக மாறியது. வளையம், விளிம்பு மாதிரி சில இடங்களில் மட்டும் பித்தளை மிஞ்சியது. 1915 மாடலில் கேஸ் ஹெட்லைட் போய் மின்விளக்கு வந்தது. 1916 ஆகஸ்டில், 1917 மாடலோடு ரேடியேட்டர் பித்தளையும் போய்விட்டது. அதனால் 1913க்குப் பிந்திய வண்டியில் பித்தளை அதிகமாகத் தெரிந்தால், மகிழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுங்கள். கறுப்பு பெயின்ட் இருக்க வேண்டிய இடத்தில் காந்தம் ஒட்டவில்லை என்றால் உள்ளே பித்தளை. பின்னால் வந்த யாரோ அழகுக்காக மாற்றியிருக்கிறார்கள்.

(திரையில்: என்ஜினின் இடது பக்கம்.)

மாடல் டி-யில் இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு அதிகம்? 1908லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள். அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவே இல்லை. 1925 என்ஜினை 1911 சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில், இறக்கினால் உட்கார்ந்துவிடும். விவசாயிக்கு அது வரப்பிரசாதம். நூறு வருஷம் கழித்து ஆராய வருபவருக்குத்தான் தலைவலி.

என்ஜினிலிருந்தே தொடங்குவோம். அந்தக் காலத்து ஃபோர்டில் சேஸிக்குத் தனி எண் கிடையாது. என்ஜின் எண்தான் வண்டி எண். பெரும்பாலான வண்டிகளில் அது இடது பக்கம், தண்ணீர் நுழையும் வாய்க்கு மேலே அடிக்கப்பட்டிருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். மாற்று பிளாக், அதாவது என்ஜினின் வார்ப்பு உடல், எண் இல்லாமல் வரும், பழைய எண்ணை அதில் அடித்துக்கொள்வார்கள். ஆக எண் பொய் சொல்லலாம். வார்ப்புத் தேதி அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

(திரையில்: பிளாக்கின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் எண்கள், 4 10 12.)

பிளாக்கின் பக்கவாட்டில் அழுக்கைத் துடைத்தால் இப்படி மூன்று எண்கள் கிடைக்கும். நம் கணக்கில் அக்டோபர் 4 என்று படித்துவிடாதீர்கள். அமெரிக்க முறையில் மாதம் முதலில்; இது 1912 ஏப்ரல் 10. என்ஜின் எண் சொல்லும் தேதி இதற்குக் கொஞ்சம் பிந்தி இருந்தால் எல்லாம் சரி. எண் 1911 என்றும் வார்ப்பு 1919 என்றும் சொன்னால், எண்ணை யாரோ பின்னால் அடித்திருக்கிறார்கள்.

தேதி தேய்ந்து போயிருந்தால் உருவத்தைப் பாருங்கள். தொடக்க கால என்ஜின்களில் வால்வுகள் வெளியே திறந்து கிடக்கும். 1911லிருந்துதான் மூடி போட்டார்கள். 1909 என்று விற்கும் வண்டியில் வால்வுக்கு மூடி இருக்கிறதா? விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் தலையும் அப்படித்தான்: பித்தளைக் காலத்தில் தட்டையானது, 1917 மாடலிலிருந்து உயரமானது. அப்புறம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு வண்டிகளில் மட்டும்தான் தண்ணீர் பம்பு. அதன்பின் வெந்நீர் தானே மேலேறிச் சுற்றும் ஏற்பாடு. பம்போடு ஒன்று அசலாகக் கிடைத்தால் அது பெரிய விஷயம்.

வண்டிக்கு அடியில் குனியத் தயங்காதவர்களுக்குப் பின் ஆக்சில் நல்ல சாட்சி. அதன் கூட்டின் நடுப்பகுதியில் முதலில் ரிவெட்டே இல்லை, பிறகு ஆறு, பிறகு பன்னிரண்டு. இத்தனையும் 1909க்கும் 1911க்கும் நடுவில். இதைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை, பார்வையாளர் யாரும் அங்கே பார்ப்பதில்லையே!

(திரையில்: கேஸ் ஹெட்லைட் ஒன்றைத் திறந்து உள்ளே காட்டுவது.)

இப்போது விளக்குக்கு வருவோம். நகைக்கடைக்காரர் சங்கிலியை விட்டுவிட்டுக் கொக்கியைப் பார்ப்பதைப் போல, இதிலும் உள்பக்கம்தான் முக்கியம். பழைய கேஸ் விளக்கில் பின்னால் வெள்ளி பூசிய கண்ணாடி இருக்கும், ஓரங்களில் அது கருத்து உரிந்திருக்கும். நடுவில் மாக்கல் போன்ற கல்லில் செய்த பர்னர் முனை. கால் படியிலுள்ள டப்பாவில் கார்பைடு மீது தண்ணீர் சொட்டி உண்டாகும் அசிட்டிலீன் இதில்தான் எரியும். தகட்டின் இணைப்புகளில் ஈயப் பற்று தெரிய வேண்டும். மேலே தயாரிப்பாளர் பெயர் இருக்கும்: ஈ அண்டு ஜே, பிரௌன், விக்டர் என்று பலரிடம் ஃபோர்டு வாங்கியது. நூறு வருஷம் துணியால் தேய்த்த எழுத்தின் விளிம்பு மழுங்கி, சில எழுத்துகள் பாதி காணாமல் போயிருக்கும். எழுத்து நேற்று அடித்ததுபோல் கூர்மையாக இருந்தால் நேற்று அடித்ததாகவே இருக்கலாம். அதேசமயம் ஒரே ஆண்டில் இரண்டு வண்டியில் இரண்டு கம்பெனி விளக்கு இருப்பது தவறல்ல. ஒரே வண்டியில் இடது ஒரு பெயர், வலது ஒரு பெயர் என்றால் கேள்வி கேளுங்கள்.

கார்புரேட்டர் பற்றிச் சுருக்கமாக: ஓட்டுவதற்கு வசதி என்று 1920 வாக்கில் வந்த ஹோலி என்ஹெச் மாடலைப் பழைய வண்டியில் மாட்டியிருப்பார்கள். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக ஓடும். ஆனால் விற்பவர் அதை அசல் என்று சொல்லக் கூடாது.

(திரையில்: இரண்டு ஸ்க்ரூக்கள், அருகருகே.)

கடைசியாக ஸ்க்ரூ. தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ கார்களுக்கு வந்தது 1930களில். பித்தளைக் கால வண்டியில் அது எங்கே தெரிந்தாலும் அங்கே பின்னால் கை வைத்திருக்கிறார்கள். ஆனால் சதுரக் குழி உள்ள ஸ்க்ரூ வேறு கதை. அது கனடாவில் ராபர்ட்சன் கண்டுபிடித்தது. கனடா ஃபோர்டு வண்டிகளின் மர உடலில் அதைத்தான் முடுக்கினார்கள். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகளுக்கு, இந்தியா உட்பட, ஃபோர்டு வண்டி அனுப்பியது கனடா கம்பெனிதான். ஆகவே நம் ஊர்ப் பழைய வீட்டுக் கொட்டகையில் கிடைக்கும் மாடல் டி-யில் சதுரக் குழி தெரிந்தால், அதை ‘யாரோ கண்டதைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள்’ என்று கழற்றிவிட்டு, அமெரிக்கப் படத்தைப் பார்த்து வேறு ஸ்க்ரூ போட்டுவிடாதீர்கள்.