நினைவில் எழுந்த கடல்

இசை அன்பர்களே, வணக்கம்.

கடலை ஆர்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவந்தவர்கள் பலர். ரஷ்யாவின் ரிம்ஸ்கி-கோர்ஸகோவ் கடற்படை அதிகாரியாகவே இருந்தவர். ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் ஸ்காட்லாந்துத் தீவுகளுக்குக் கப்பலேறிப் போய் வந்தவர். ஆனால் பிரெஞ்சு இசையமைப்பாளர் க்ளோத் தெபுஸ்ஸி, 'கடல்' என்றே பொருள்படும் 'லா மேர்' படைப்பை 1903இல் எழுதத் தொடங்கியபோது, கடலுக்கு வெகுதொலைவில், பர்கண்டிப் பகுதியின் பிஷேன் என்னும் சிற்றூரில் தங்கியிருந்தார். இளமையில் மாலுமியாக வேண்டியிருந்த தன்னை வாழ்க்கை வேறு வழியில் திருப்பிவிட்டதாகவும், கண்முன் இருக்கும் கடலைவிடத் தன் நினைவில் சேர்ந்து கிடக்கும் கடலே தனக்குப் பெரிதென்றும் அப்போது நண்பர் மெஸ்ஸாஜேவுக்கு எழுதினார். இந்தப் படைப்பைத் திறக்கும் சாவி அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நினைவில் தங்குவது அலையின் ஓசையைவிட அதன் போக்குதான். படைப்பின் மூன்று பகுதிகளில், 'விடியலிலிருந்து நண்பகல் வரை கடலில்' என்னும் முதல் பகுதியைக் கவனியுங்கள். டிம்பனி என்னும் பெருமுரசின் மெல்லிய உருளலும், தந்திக் கருவிகளில் மிகத் தாழ்ந்த குரலுடைய டபுள் பாஸின் ஆழ்ந்த சுரமும் இருளைப் போல விரிய, அதன்மேல் சிறு இசைத்துணுக்குகள் தலைகாட்டுகின்றன. ஒன்று முழு மெட்டாக வளருமுன்னே இன்னொன்று அதை மூடிக்கொள்கிறது. பாதி வழியில் எல்லாம் ஓய்ந்துபோவதுபோல் தோன்றும் வேளையில், வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த குரலுடைய தந்திக் கருவிகளான செல்லோக்கள் மட்டும் நான்கு பிரிவுகளாகப் பிரிந்து, ஒரே வீச்சில் மேலெழுந்து சரிகின்றன. இந்த இடத்துக்குத் தெபுஸ்ஸி கேட்டவை 16 செல்லோக்கள். பெரிய ஆர்கெஸ்ட்ராக்களிலும் வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். தனிக்குரலின் இனிமையை அவர் இங்கே நாடவில்லை; அடியிலிருந்து புரண்டு வரும் நீரின் கனம் அவருக்கு வேண்டியிருந்தது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் என் மூச்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது.

இரண்டாம் பகுதி அலைகளின் விளையாட்டு. ஹார்ப்பும் சிறு மணிகளும் மினுங்கி, முடிவில் ஓசையின்றிக் கரைகின்றன. மூன்றாவது, காற்றும் கடலும் உரையாடுவது. தாழ்ந்த தந்திகளின் முணுமுணுப்பில் தொடங்கும் அது, முதல் பகுதியின் இறுதியில் பித்தளைக் கருவிகள் முழங்கிய கம்பீரமான இசையை மீண்டும் எழுப்பி நிறைவடைகிறது.

1905 அக்டோபர் 15 அன்று பாரிஸில் கமில் ஷெவிய்யார் நடத்திய முதல் அரங்கேற்றம் பெரிய வெற்றி பெறவில்லை. இதில் கடலைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை, அதன் வாசனையை உணரவும் இல்லை என்று விமர்சகர் பியேர் லாலோ எழுதினார். தேர்ந்த செவி உடையவர்தான். ஆனாலும் அவர் தேடியது ஒரு காட்சியை. தெபுஸ்ஸி கொடுத்ததோ ஓர் இயக்கத்தை. அதே ஆண்டு அச்சான இசைப்பிரதியின் அட்டையே இதற்குச் சான்று: ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் புகழ்பெற்ற பேரலை ஓவியத்திலிருந்து படகுகளும் ஃபுஜி மலையும் நீக்கப்பட்டு, அலை மட்டும் அங்கே நிற்கிறது.

இப்போது முதல் பகுதியின் பதிவைக் கேட்போம். அந்தச் செல்லோக்கள் எழும்போது நான் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும்.